கொலுசு கறுத்தால் கலப்படமா?

இடவப்பாதி மழை தொடங்கி ஒரு மாதம் ஆனதும் மட்டாஞ்சேரியில் நம்மவர்கள் குடியிருக்கும் வீடுகளில் ஒரு புகார் தவறாமல் எழும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ஆசையாக வாங்கிவந்த வெள்ளிக் கொலுசு கறுத்துவிட்டது என்பதுதான் அந்தப் புகார். "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், இது வெள்ளியே இல்லை" என்று வீட்டில் பேச்சு ஆரம்பமாகும். பக்கத்து வீட்டு அம்மாள் வந்து பார்த்து, "உனக்கு உடம்பு சூடு அதிகம், அதுதான்" என்பார். இன்னொருவர் கண் திருஷ்டி என்பார்.

கடைசியில் அந்தக் கொலுசு ஏதாவது ஒரு கடைக்குப் போகும். "அண்ணே, ரெண்டு மாசந்தான் ஆச்சு, பாருங்க" என்று இந்தச் சகோதரி நீட்டுவார். கடைக்காரர் விரலால் ஒரு தடவை தேய்த்துவிட்டு, "ஸாரமில்ல சேச்சி, பழசுக்கு எடுத்துக்கிடாம்" என்பார். எடை போட்டு, அதில் கழிவு போட்டு, புதிய கொலுசுக்குக் கூலி சேர்த்து, மேற்கொண்டு இரண்டாயிரமோ மூவாயிரமோ வாங்கிக்கொள்வார். அடுத்த மழைக்காலத்தில் புதிய கொலுசும் கறுக்கும்.

மாதச் சம்பளக்காரர் வீட்டிலும், நாள் கூலிக்காரர் வீட்டிலும் வெள்ளி என்பது வெறும் அலங்காரம் அல்ல. ஆபத்துக்கு அடகு வைக்கும் பொருள் அது. தங்கம் எட்டாத உயரத்துக்குப் போய்விட்ட பிறகு வெள்ளிக்கு அந்த மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது. 2025-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு கிலோ வெள்ளி 2 லட்சம் ரூபாயைத் தாண்டியது. இப்படிப்பட்ட பொருளை நிறத்தை மட்டும் பார்த்து நல்லது, கெட்டது என்று முடிவு கட்டி மாற்றிக்கொண்டே இருப்பது கைப்பணத்தைக் காயலில் போடுவதற்குச் சமம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். கறுப்பது கலப்படத்தின் அடையாளம் அல்ல. சொக்க வெள்ளியும் கறுக்கும். உண்மையில் எந்தக் காலத்திலும் கறுக்கவே கறுக்காத 'வெள்ளி' என்று ஒருவர் விற்றால்தான் நாம் சந்தேகப்பட வேண்டும். அது எவர்சில்வராக இருக்கலாம். நிக்கல் கலந்த வேறு உலோகமாக இருக்கலாம். அல்லது வெள்ளியின்மேல் ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகத்தை முலாம் பூசியிருக்கலாம். கடைசியாகச் சொன்னது மோசடி அல்ல. ஆனால் முலாம் தேய்ந்ததும் அதுவும் மற்ற வெள்ளியைப் போலவே நடந்துகொள்ளும்.

கால்வாயும் காரணம்

வெள்ளி கறுப்பதற்குக் காரணம் கந்தகம். காற்றில் மிக மிகச் சிறிய அளவில் கந்தகம் சேர்ந்த ஒரு வாயு கலந்திருக்கிறது. அழுகிய முட்டையின் நாற்றம் வீசும் வாயு அது. இந்த வாயு வெள்ளியின்மேல் பட்டால் வெள்ளி சல்பைடு என்ற கறுப்பு நிறப் பொருள் மெல்லிய ஏடாகப் படியும். முதலில் இலேசான மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு நீலம் கலந்த கறுப்பு என்று படிப்படியாக மாறும். காற்றில் ஈரம் இருந்தால் இந்த வேலை மிக வேகமாக நடக்கும்.

கல்வத்திக் கால்வாய், ராமேஸ்வரம் கால்வாய்ப் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. தேங்கிய சாக்கடை நீரிலிருந்து எழும் அந்த நாற்றத்தில் இருப்பது இதே வாயுதான். நம் மூக்குக்குத் தெரிவதற்கு முன்பே வெள்ளிக்குத் தெரிந்துவிடும். இதனுடன் கடற்காற்றின் உப்பும், மாதக்கணக்கில் காயாத ஈரமும் சேர்கின்றன. சேலத்திலோ மதுரையிலோ பீரோவில் ஒரு வருஷம் பளபளப்பாகக் கிடக்கும் கொலுசு இங்கே ஆடி மாதத்துக்குள் கறுப்பதில் ஆச்சரியம் என்ன? ஊரில் இருக்கும் தங்கையின் கொலுசையும் நம் வீட்டுக் கொலுசையும் ஒப்பிட்டு, அவளுக்கு நல்லதைக் கொடுத்து நமக்கு மட்டமானதைக் கொடுத்துவிட்டார்கள் என்று மாமியார் வீட்டின்மேல் வருத்தப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கந்தகம் வேறு வழிகளிலும் வரும். வெங்காயம், பூண்டு, பெருங்காயம், முட்டை எல்லாவற்றிலும் கந்தகச் சத்து உண்டு. பஜார் ரோடு மண்டிகளில் வெங்காய மூட்டையோடும் பூண்டு மூட்டையோடும் வேலை செய்கிறவர்களின் வெள்ளி மோதிரம் ஏன் எப்போதும் கறுத்தே இருக்கிறது என்பது இப்போது விளங்கும். ரப்பர் பாண்டிலும் கந்தகம் இருக்கிறது. இரண்டு கொலுசையும் சேர்த்து ரப்பர் பாண்டு போட்டு வைத்தால் அது பட்ட இடத்தில் கோடு கிழித்தாற்போல் கறுத்துவிடும். கம்பளித் துணியும் ஆகாது. செய்தித்தாளில் சுற்றி வைப்பதும் ஆகாது. நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் இந்தப் பத்திரிகைக்கும் இது பொருந்தும்!

உடம்புச் சூடு என்பதில் உண்மை இல்லை. ஆனால் வியர்வை ஆளுக்கு ஆள் மாறுபடும். உப்பும் கந்தகச் சத்தும் கூடுதலாக உள்ள வியர்வை பட்டால் வெள்ளி சீக்கிரம் மங்கும். இதை வைத்து நோய் இருக்கிறது, பித்தம் இருக்கிறது என்று பயப்பட வேண்டியதில்லை. காலில் பச்சை நிறம் பிடிக்கிறது என்றால் அது வெள்ளியுடன் கலந்த செம்பினால் வருவது. தோல் சிவந்து அரிப்பு எடுத்தால் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பெரும்பாலும் அது நிக்கலின் வேலை. நல்ல வெள்ளி நகையில் நிக்கலுக்கு இடம் கிடையாது.

தினமும் போட்டிருக்கும் கொலுசைவிடப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்த கொலுசு அதிகமாகக் கறுத்திருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். நடக்கும்போது உரசி உரசி அந்த ஏடு அவ்வப்போது தேய்ந்துபோவதே காரணம். ஆகவே வெள்ளியைப் போட்டுக்கொண்டிருப்பதே அதற்கு ஒரு பாதுகாப்பு.

எப்படிச் சுத்தம் செய்வது?

அந்தக் கறுப்பு ஏடு மிக மெல்லியது. அதனால் எடை குறையாது. சொல்லப்போனால் கந்தகம் சேர்ந்ததால் இம்மியளவு கூடித்தான் இருக்கும். எடை குறைவது எப்போது என்றால், நாம் அதைப் பிடித்துத் தேய்க்கும்போதுதான். பற்பசை, பற்பொடி போட்டுப் பழைய பிரஷால் தேய்ப்பது நம் வீடுகளில் பழக்கமாகிவிட்டது. பளிச்சென்று ஆவது உண்மைதான். ஆனால் பற்பசையில் இருக்கும் பொடி, உராய்வதற்கென்றே சேர்க்கப்படுவது. வெள்ளி பல்லின் மேற்பூச்சைவிட மிருதுவானது. ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன. கீறலில் அழுக்கும் ஈரமும் தங்கி, அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் கறுக்கிறது. பூ வேலை செய்த அரும்புகளின் முனை சில வருஷங்களில் மழுங்கிப்போவதும் இதனால்தான்.

விபூதி போட்டுத் துடைப்பது பாட்டி காலத்து வழக்கம். வீட்டில் சாணம் சுட்டு எடுத்துச் சலித்த நயமான திருநீறுக்கு அது சரி. வருஷத்துக்கு இரண்டு தடவை குத்துவிளக்குக்கும் சந்தனக் கும்பாவுக்கும் மெல்லிய துணியில் தொட்டுத் துடைத்தால் மோசமில்லை. இன்று பாக்கெட்டில் வருவதில் என்னென்ன கலந்திருக்கிறதோ, அதை நகைமேல் தேய்க்க வேண்டாம் என்பது என் கருத்து. புளி, எலுமிச்சம்பழம் இரண்டும் பித்தளைக்கும் செம்புக்கும் உரியவை. அவை வெள்ளியின்மேல் உள்ள கறுப்பைச் சரியாக எடுக்காது; வெள்ளியுடன் கலந்திருக்கும் செம்பைத்தான் அரிக்கும்.

நல்ல வழி இரண்டு. சாதாரண அழுக்குக்குப் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர் போதும். தட்டார்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தியது அதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து, மெல்லிய பிரஷால் இடுக்குகளை வருடி, நல்ல தண்ணீரில் அலசி, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, ஈரம் துளியும் இல்லாமல் காயவிட வேண்டும். பூந்திக்கொட்டை கிடைக்காவிட்டால் பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு போதும்.

நன்றாகக் கறுத்துவிட்டதற்கு வேறு வழி உண்டு. ஒரு பாத்திரத்தின் உள்ளே அலுமினியத் தாளை விரித்து அதன்மேல் கொலுசை வையுங்கள். சாப்பாடு பொட்டலம் கட்டும் அதே தாள்தான். ஒரு லிட்டர் கொதிநீருக்கு ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடா என்ற கணக்கில் கரைத்து, ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, கொலுசு மூழ்கும்படி ஊற்றுங்கள். கொலுசு அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். சில நிமிஷங்களில் அழுகிய முட்டை நாற்றம் இலேசாக வரும். பயப்பட வேண்டாம், வெள்ளியைப் பிடித்திருந்த கந்தகம் கழன்று போகிறது என்று அர்த்தம். ஐந்து நிமிஷத்தில் கறுப்பு மறையும். தாள் கறுக்கும்.

இந்த முறையின் சிறப்பு என்னவென்றால், கறுப்பு ஏட்டில் சிக்கியிருந்த வெள்ளி மறுபடியும் வெள்ளியாகவே கொலுசில் நின்றுவிடுகிறது. தேய்த்து எடுத்தால் அது துணியோடு போய்விடும். எல்லா நகைக்கும் இது ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முத்து, பவளம், கல் பதித்தவை, அரக்கு அடைத்தவை, உள்ளே கூடாக உள்ளவை ஆகியவற்றைக் கொதிநீரில் போடக் கூடாது. வேலைப்பாடு எடுப்பாகத் தெரியவேண்டும் என்று வேண்டுமென்றே கறுப்பு ஏற்றிய நகைகளை 'ஆக்சிடைஸ்டு' என்று விற்கிறார்கள். அதைச் சோடாத் தண்ணீரில் போட்டால் கொடுத்த கூலி அத்தனையும் ஐந்து நிமிஷத்தில் வெளுத்துப்போகும்.

பிளீச்சிங் பவுடர் வெள்ளிக்குப் பெரிய எதிரி. கிணற்றில் மருந்து போட்ட அன்று குளித்தால் மெட்டி மங்குவதைக் கவனித்திருப்பீர்கள். குளியலறை கழுவும் திரவங்களும் அப்படியே. ஃபோர்ட் கொச்சி வெளியில் உள்ள தோபிகானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் நம் தமிழ்க் குடும்பத்தினர் வேலைக்கு இறங்கும் முன் மோதிரத்தையும் காப்பையும் கழற்றி வைத்துவிடுவது நல்லது.

எடுத்து வைப்பதற்கு, பூட்டு உள்ள சிறிய பிளாஸ்டிக் உறைகள் மிகவும் வசதி. ஒரு உறைக்கு ஒரு நகை. உள்ளே ஒரு துண்டுச் சாக்கட்டி, அல்லது மாத்திரைப் புட்டியிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம். காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டுப் பூட்டினால் ஒரு மழைக்காலம் முழுவதும் கவலை இல்லை.

92½ என்றால் என்ன?

நிறம் எதையும் சொல்லாது என்றால், நல்ல வெள்ளியை எப்படி அறிவது? இதற்குக் கலப்புக் கணக்கு தெரிய வேண்டும்.

சொக்க வெள்ளி மிகவும் மிருதுவானது. அதில் கொலுசு செய்தால் கண்ணிகள் இழுபட்டுத் திறந்துகொள்ளும், மெட்டி நெளியும். ஆகவே உறுதிக்காகச் சிறிது செம்பு சேர்க்கிறார்கள். நூறு பங்கில் 92½ பங்கு வெள்ளியும் 7½ பங்கு பெரும்பாலும் செம்புமாகச் சேர்ந்த கலவைக்கு ஸ்டெர்லிங் வெள்ளி என்று பெயர். கடைகளில் 'தொண்ணூத்திரண்டரை' என்று சொல்வதும், நகையில் '925' என்று பொறித்திருப்பதும் இதையே. 'எங்கள் கொலுசு நூற்றுக்கு நூறு வெள்ளி' என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே வந்துவிடலாம்.

இந்த அளவு நேற்று வந்தது அல்ல. இங்கிலாந்தில் 1300-ஆம் ஆண்டிலேயே முதலாம் எட்வர்டு மன்னர் காலத்துச் சட்டம், வெள்ளிச் சாமான்கள் இந்தத் தரத்துக்குக் குறையக் கூடாது என்றும், சோதித்துச் சிறுத்தைத் தலை முத்திரை இட வேண்டும் என்றும் விதித்தது. 1544 முதல் நடக்கும் சிங்கத்தின் உருவமும் முத்திரையில் சேர்ந்தது. நாம் தங்கத்துக்குச் சொல்லும் பவுன், சவரன் ஆகிய பெயர்களும் அந்த நாட்டு நாணயங்களிலிருந்து வந்தவையே.

நம் வீடுகளில் பாட்டி வைத்துவிட்டுப் போன வெள்ளி ரூபாய் இருந்தால், ஆண்டைப் பாருங்கள். வெள்ளைக்காரர் காலத்து ரூபாய் 11.66 கிராம் எடை கொண்டது. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு, அதாவது நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. ஸ்டெர்லிங்குக்கு ஒரு மாற்றுதான் குறைவு. இரண்டாம் உலக யுத்தம் வந்ததும் 1940-இல் இதைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். 1940 முதல் 1945 வரை ஆண்டு பொறித்த ரூபாயில் நூற்றுக்கு 50 பங்குதான் வெள்ளி. 1947-இல் வந்த ரூபாய் முழுவதும் நிக்கல். 'வெள்ளிக் காசு' என்று எல்லாவற்றையும் ஒரே விலைக்குக் கேட்கிறவர்களிடம் இந்த ஆண்டுக் கணக்கைச் சொல்லலாம்.

யூதத் தெருவில்...

1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூதப் பள்ளிக்குப் போகும் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் நாம் அழைத்துப் போகும் இடம் அது. கரண்டி, தட்டு, பன்னீர்ச் செம்பு, கனத்த காப்பு என்று வெள்ளை வெளேரென்று வைத்திருப்பார்கள். அங்கே விற்பதெல்லாம் போலி என்று சொல்ல வரவில்லை. எது வெள்ளி, எது வெள்ளி மாதிரி என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

இங்கிலாந்துக் கரண்டியின் பின்புறம் நடக்கும் சிங்கம் இருந்தால் அது ஸ்டெர்லிங். இ.பி.என்.எஸ். என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது வெள்ளி முலாம் பூசிய நிக்கல் கலவை. எத்தனை பழையதாக இருந்தாலும் உருக்கினால் வெள்ளி கிடைக்காது. 'ஜெர்மன் சில்வர்' என்று இப்போது பூஜைச் சாமான்கள் ஏராளமாக வருகின்றன. பெயரில்தான் சில்வர் இருக்கிறது. அது செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்தது. வெள்ளி மருந்துக்கும் கிடையாது. ஜெர்மன் சில்வர் என்று சொல்லியே விற்கிறவர் குற்றவாளி அல்ல. வாங்கியவர் அதைக் கல்யாணத்தில் வெள்ளித் தட்டு என்று சீர் வைக்கும்போதுதான் தொல்லை வருகிறது.

காந்தத்தை வைத்துக் காட்டி, "பாருங்க, ஒட்டவில்லை, சுத்த வெள்ளி" என்று சொல்கிறவர்கள் உண்டு. காந்தம் வெள்ளியை இழுக்காது என்பது சரிதான். செம்பையும் இழுக்காது, பித்தளையையும் இழுக்காது, ஜெர்மன் சில்வரையும் இழுக்காது. ஒட்டினால் வெள்ளி இல்லை என்று சொல்லலாமே தவிர, ஒட்டாததால் வெள்ளி என்று சொல்ல முடியாது. ஐஸ் கட்டி வைத்துப் பார்ப்பதும் இப்படித்தான். வெள்ளியைப் போலவே செம்பும் சூட்டை வேகமாகக் கடத்தும். கடைகளில் இருக்கும் மெஷின் நல்ல கருவிதான். ஆனால் அது மேற்பரப்பை மட்டும் பார்த்துச் சொல்கிறது. கனமாக முலாம் போட்டிருந்தால் அதுவும் ஏமாறும்.

சேலத்து 'டச்'

இந்தியா முழுவதும் போகும் கொலுசுகளில் பெரும் பங்கு சேலத்தில் செய்யப்படுவது. செவ்வாய்ப்பேட்டையிலும் சுற்று வட்டாரத்திலும் வீட்டுக்கு வீடு வெள்ளிப் பட்டறைகள். ஒருவர் உருக்கிக் கம்பி இழுப்பார். இன்னொரு வீட்டில் கண்ணி கோப்பார்கள். அரும்பும் முத்தும் வைத்துப் பற்றவைப்பது வேறு கை. மெருகு போடுவது வேறு கை. ஒரு ஜோடிக் கொலுசு நம் கைக்கு வருவதற்குள் பத்துக் குடும்பங்களாவது அதில் உழைத்திருக்கும். மட்டாஞ்சேரிக் கடையில் மலையாளத்தில் 'பாதசரம்' என்று கேட்டு வாங்கினாலும் அது சேலத்துச் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம்.

அங்கே வியாபாரம் 'டச்' கணக்கில் நடக்கிறது. டச் என்றால் நூற்றில் எத்தனை பங்கு வெள்ளி என்பது. 65, 70, 80 என்று ஆர்டருக்குத் தகுந்தபடி செய்கிறார்கள். குறைந்த டச் கொலுசு என்பதாலேயே அது மோசடி ஆகிவிடாது. உறுதியாக இருக்கும், விலையும் குறைவு. பட்டறைக்காரர் வியாபாரிக்கு விற்கும்போது எத்தனை டச் என்று சொல்லித்தான் விற்கிறார். அந்த எண் வழியில் எங்கோ தொலைந்துபோகிறது. கடைசியில் வாங்கும் நமக்கு 'வெள்ளிக் கொலுசு' என்ற சொல் மட்டும் வந்து சேருகிறது.

நூறு கிராம் கொலுசு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக ஒரு கிராம் வெள்ளி ரூ.200. தொண்ணூத்திரண்டரை என்றால் அதில் ரூ.18,500 பெறுமான வெள்ளி இருக்கிறது. 65 டச் என்றால் ரூ.13,000. வித்தியாசம் ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய். இரண்டும் ஒன்று போல் பளபளக்கும். இரண்டும் ஒன்று போல் கறுக்கும். வாங்கும்போது இந்த வித்தியாசத்தைக் கேட்காதவர், விற்கும்போது எதிர்ப்பக்கத்து ஆள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஆறு எழுத்து எண்

தங்கத்துக்கு ஹால்மார்க் முத்திரை 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயம் ஆனது. வெள்ளிக்கு 2005 முதல் இந்திய தர நிர்ணய அமைப்பின் முத்திரைத் திட்டம் இருந்தும், கட்டாயம் இல்லாததால் கடைக்காரர்களும் போடவில்லை, நாமும் கேட்கவில்லை. 2025 செப்டம்பர் 1 முதல் இதில் ஒரு மாறுதல் வந்தது. கட்டாயம் இல்லை என்றாலும், முத்திரை போடுகிற வெள்ளி நகைக்குத் தனி எண் கொடுக்கும் முறை தொடங்கியது. எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இலக்கம். 800, 835, 925, 958, 970, 990, 999 என்று ஏழு தரங்கள். நகையில் அமைப்பின் முக்கோண முத்திரையும், 'சில்வர்' என்ற சொல்லும், தர எண்ணும், இந்த ஆறு இலக்கமும் இருக்கும்.

ரயில் டிக்கெட்டில் பத்து இலக்க பி.என்.ஆர். எண் இருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு டிக்கெட்டின் எண் இன்னொன்றுக்கு இருக்காது அல்லவா? 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியைத் தொலைபேசியில் இறக்கிக்கொண்டு, அந்த ஆறு இலக்கத்தைத் தட்டினால் நகை என்ன வகை, என்ன தரம், எந்த மையத்தில் சோதிக்கப்பட்டது என்ற விவரம் வரும். கையில் இருப்பது கொலுசாகவும் திரையில் வருவது மோதிரமாகவும் இருந்தால் வாங்காமல் வெளியேறுங்கள்.

வெறுமனே '925' என்று பொறித்திருப்பது இந்த முத்திரை ஆகாது. அந்த மூன்று எண்களைப் பொறிக்க ஒரு அச்சும் சுத்தியும் இருந்தால் போதும். முத்திரை போட்ட நகை, சொன்ன தரத்துக்குக் குறைவு என்று சோதனையில் தெரிந்தால், குறைந்த அளவுக்கு உரிய பணத்தைப்போல இரண்டு மடங்கும், சோதனைக் கட்டணமும் கடைக்காரர் தர வேண்டும் என்பது 2018-ஆம் ஆண்டு விதி. ஆனால் பில் இல்லாமல் எதைக் காட்டிக் கேட்பது? "பில் போட்டால் வரி ஆகும், வேண்டாமே" என்று நைசாகப் பேசும் இடத்தில் நம்மவர்கள் மூன்று சதவீதத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்து, பிடிமானத்தை விட்டுவிடுகிறார்கள். எடை, தர எண், கூலி, ஆறு இலக்கம் ஆகிய நான்கும் பில்லில் தனித்தனியே இருக்க வேண்டும்.

வெள்ளிக்கும் கட்டாயம் ஆக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சேலத்துச் சிறு பட்டறைகளுக்கு இது சுமை ஆகாதா என்று கேட்கலாம். டச் கணக்கை மறைப்பது அவர்கள் அல்லவே!

அடகுக்குப் போகும்போது

இதெல்லாம் அடகுக் கடையில்தான் தெளிவாகத் தெரியவரும். வெள்ளி என்றால் முன்பெல்லாம் பல இடங்களில் கையில் தூக்கிப் பார்த்து ஒரு தொகை சொல்வார்கள். வங்கிகள் பெரும்பாலும் தங்கத்தோடு நிறுத்திக்கொண்டன. 2025 ஜூன் மாதம் ரிசர்வ் வங்கி, தங்கத்துக்கும் வெள்ளிக்கும் சேர்த்துப் புதிய விதிகளை வெளியிட்டது. வங்கிகளும், கூட்டுறவு வங்கிகளும், நிதி நிறுவனங்களும் 2026 ஏப்ரல் 1-க்குள் இவற்றுக்கு மாற வேண்டும் என்று கெடு வைக்கப்பட்டது.

இதன்படி ஒருவர் 10 கிலோ வரை வெள்ளி நகையும், 500 கிராம் வரை வெள்ளி நாணயமும் அடகு வைக்கலாம். வெள்ளிக் கட்டியை ஏற்கமாட்டார்கள். வீட்டுச் செலவுக்காக வாங்கும் கடன் இரண்டரை லட்ச ரூபாய்க்குள் இருந்தால், மதிப்பில் நூற்றுக்கு 85 வரை கொடுக்கலாம். மதிப்பு என்பது கூலியைச் சேர்த்தது அல்ல. கல், அரக்கு ஆகியவற்றைக் கழித்து, உள்ளே இருக்கும் வெள்ளிக்கு மட்டும். மேலே சொன்ன நூறு கிராம் கொலுசையே எடுத்துக்கொண்டால், தொண்ணூத்திரண்டரைக்கு ரூ.15,725 வரை கிடைக்கலாம். 65 டச்சுக்கு ரூ.11,050. பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் இந்த வித்தியாசம் ஒரு பிள்ளையின் புத்தகச் செலவு.

சோதிப்பதும் எடை போடுவதும் நம் கண் முன்னால் நடக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. மொத்த எடை எவ்வளவு, கழித்தது எவ்வளவு, தரம் என்ன, மதிப்பு என்ன என்று எழுதி, அவர்களுடைய தலைப்புத் தாளில் சான்று தர வேண்டும். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதியிருந்தால், படித்துப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள். தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போவதில் வெட்கம் இல்லை.

கடனை முழுவதும் அடைத்தபின் அன்றைக்கே, அல்லது அதிகபட்சம் ஏழு வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் பக்கத்துத் தவறால் தாமதம் ஆனால் நாளொன்றுக்கு ரூ.5,000 நஷ்டஈடு உண்டு. திருப்பி வாங்கும்போது சான்றில் உள்ள எடையோடு ஒத்துப்பாருங்கள். கொலுசு அங்கே பெட்டகத்தில் இருந்த நாட்களில் நன்றாகக் கறுத்திருக்கும். அதற்காகச் சண்டை போட வேண்டாம். வீட்டில் ஆப்பசோடா இருக்கிறது.